துருக்கி ஜலால் நானாவின் காலை மேசை

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, சந்தையில் மீன் வெட்டித் தரும் வரை காத்து நின்றேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்த ஜனாஸா அறிவித்தல் போனது. இந்த ஊரில் அது பழகிய சத்தம். பாதி காதில்தான் விழும். "துருக்கி ஜலால் என்று அறியப்பட்ட" என்ற இடத்தில்தான் எனக்கு விளங்கியது. மீன் வெட்டியவரும் கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உங்கட கூட்டாளியல்லோ, ஐயா?" என்றார். ஓம் என்றேன். மீனை வாங்காமலே நடந்துவிட்டேன். பிறகு அவரே அதைப் பொதி செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். மாரடைப்பு. வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நேரம் இருக்கவில்லை.

எனக்கு அண்ணன் போன்ற ஜலால் நானாவைத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர். துறைமுகப் பட்டறையில் இழுவைப் படகுகளின் இயந்திரம் பழுதானால் அவர் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்று உங்களில் பலர் சொல்வீர்கள். அதே பட்டறையில் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அது தெரியும். ஆனால் நான் எழுத நினைப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் காலைகளைப் பற்றி.

இளம் வயதில் அவர் கப்பலில் வேலை செய்தவர். துருக்கியில் ஒரு துறைமுகத்தில் கப்பல் திருத்த வேலைக்காக மாதக்கணக்கில் நின்றபோது, அங்கே அலுவலகத்தில் இருந்த நெர்மினைக் கண்டு விரும்பிக் கலியாணம் செய்தார். தாய் தகப்பன் இல்லாத நெர்மினை வளர்த்தவர் மூத்த சகோதரி. கலியாணத்தை அவர் மறுக்கவில்லை. தங்கை இவ்வளவு தூரம் போகிறாளே என்று அழுதாராம். திருகோணமலைக்கு வந்த நெர்மின் உட்துறைமுக வீதிக்குக் கிட்ட ஒரு வீட்டில் குடியிருந்தார், தமிழ் பழகினார், மகள் ஸஹ்ராவைப் பெற்றார். பிள்ளை நடை பழகிக் கொஞ்சக் காலத்தில் நெர்மின் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனார். ஜலால் நானா துருக்கியில் அந்தச் சகோதரிக்குத் தொலைபேசி எடுத்துச் செய்தியைச் சொன்னார். மறுபக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு இணைப்பு நின்றுவிட்டது. அந்த மௌனத்தைக் கோபம் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். "கூட்டிக்கொண்டு வந்தவன் நான். பத்திரமா வெச்சிருக்க ஏலாமப் போச்சு. என்ன முகத்தோட இன்னொருக்கா எடுக்கிற?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எடுக்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த மேசை தொடங்கியது. நான் முதலில் போன ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. தேவாலயத்தில் பூசை முடிந்து அந்த வழியாக வந்தவனை வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே மேசை முழுக்கச் சின்னச் சின்னத் தட்டுகள். வெள்ளரிக்காய், தக்காளி, அவித்த முட்டை, வெள்ளைச் சீஸ், பால் ஏடும் தேன் போன்ற பாணியும், கொய்யாப்பழ ஜாம், பேக்கரியில் வாங்கிய சூடான பாண். யாரோ பெரிய விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஆர் ஆர் வருகினம், நானா?"

"நீங்கதான். இருங்க."

நான் வீட்டில் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு முடிக்கிற வேகத்தில் சாப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "செபஸ்தி, பசியத் தீர்க்கிறதுக்கு மத்தியானச் சோறு இருக்கு. இது ஆளோட இருக்கிறதுக்கு." துருக்கியில் காலைச் சாப்பாட்டின் பெயர் கஹ்வால்டி, கோப்பிக்கு முந்தியது என்று அர்த்தமாம். "அப்ப கோப்பி எங்க?" என்று கேட்டேன். "இப்ப தேத்தண்ணி. கோப்பி கடைசியில. அது வந்தா எழும்பிப் போக வேணும். அவசரமோ?" என்றார். ஒரு கேத்தலின் மேல் இன்னொரு சின்னக் கேத்தலை ஏற்றி வைத்திருந்தார். கீழே வெறும் தண்ணீர் கொதிக்க, மேலே தேயிலைச் சாயம் ஊறிக்கொண்டிருக்கும். கண்ணாடிக் கோப்பையில் பாதி சாயம், பாதி சுடுதண்ணீர். பால் இல்லை. அன்று வெயில் உச்சிக்கு வரும் வரை இருந்தேன். ஸஹ்ரா அப்போது சின்னப் பிள்ளை. முட்டையின் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைத் தகப்பனின் தட்டில் வைத்தாள்.

நெர்மின் இருந்த காலத்தில் ஜலால் நானா அடுப்பருகே நின்றது குறைவு. நெர்மினின் சாப்பாடுகளை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. "அவ செய்யிறத நான் பார்க்கல்ல, சாப்பிட்டன். நாக்குக்குத் தெரிஞ்சதக் கை தேடுது" என்பார். அந்தத் தேடலில் எத்தனையோ பாழ்போனது. பாலில் தேசிக்காய் பிழிந்து திரளவைத்து, துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து அழுத்தி, உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பார். ஒருமுறை ரப்பர் போல வரும், இன்னொருமுறை கரைந்துபோகும். சரிவந்த நாளில் பட்டறைக்கே ஒரு துண்டு கொண்டுவந்து, நான் மென்று முடிக்கும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏடு மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாக வந்தது. அதற்குக் கிண்ணியா எருமைப்பால் காரணம். பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய்ப் பால் வாங்கி வந்து, சிறு நெருப்பில் மெதுவாகக் காய்ச்சி, அசையாமல் ஆறவிட்டு, மேலே படிந்ததைச் சுருட்டி எடுப்பார். நெர்மின் இங்கே வந்த புதிதில் நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தாராம். ஒருநாள் கிண்ணியாப் பக்கம் போகும்போது வயலோரத்தில் எருமைக் கூட்டத்தைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னாராம். அவருடைய ஊரில் நல்ல ஏடு எருமைப்பாலில்தான் எடுப்பார்கள். அது எல்லா வீட்டிலும் கிடைக்காது. "இங்க ரோட்டிலேயே நிக்குதே எண்டு சிரிச்சா. வந்த பிறகு அவ சிரிச்சத நான் அண்டைக்குத்தான் பார்த்தன்" என்றார்.

ஒலிவ் காய்க்குப் பதிலாக அவர், பார்வைக்கு அதே போன்ற புளிப்பான வெரளிக்காயை உப்பில் ஊறப்போட்டார். ஸஹ்ரா அதைத்தான் ஒலிவ் என்று நம்பி வளர்ந்தாள். கட்டாரிலிருந்து வந்த ஒருவர் உண்மையான ஒலிவ் போத்தல் ஒன்று கொடுத்தபோது ஒன்றைக் கடித்துவிட்டு, "வாப்பா, இது பழுதாப் போச்சு" என்று துப்பினாள். அவர் அன்று சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

ஆனால் ஒரேயொரு சாப்பாட்டில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மெனெமென். தக்காளியும் கறிமிளகாயும் எண்ணெயில் குழைந்து வர, முட்டையை உடைத்து ஊற்றி, இறுக முதலே இறக்கி, சட்டியோடு மேசையில் வைத்துப் பாணால் தொட்டுத் தின்பது. துருக்கிக் கப்பலின் சமையல்காரர் ஒருவரிடம் பழகியது. நெர்மின் இருந்தபோதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மட்டும் இவர்தான் செய்து கொடுப்பார். வெங்காயத்தை முதலில் பொன்னிறமாக வதக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். "மற்றதெல்லாம் அவட சாப்பாடு, நான் தடவித் தடவிச் செய்யிறன். இது என்ட. அவ சட்டியில ஒண்டும் மிச்சம் வைக்கமாட்டா" என்று பெருமையாகச் சொல்வார்.

ஸஹ்ரா வளர்ந்து ஆசிரியை ஆகி, கலியாணமும் முடித்த பிறகு, கைபேசியில் தேடித் தாயின் சகோதரியைக் கண்டுபிடித்தாள். போன வருஷ விடுமுறையில் மாப்பிள்ளையோடு துருக்கிக்குப் போனாள். தகப்பனையும் கூப்பிட்டாள். "நீங்க முதல்ல போய்ட்டு வாங்க" என்று நின்றுவிட்டார்.

அவள் அங்கே நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேசையில் இருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் ஸஹ்ரா, அவளுக்குப் பின்னால் அடுப்பருகே நரைத்த தலையோடு பெரியம்மா. இவர் சலாம் சொன்னார். அந்த அம்மா கையை நெஞ்சில் வைத்தார். ஸஹ்ராதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, பெரியம்மா மெனெமென் செய்யிறாங்க. வெங்காயம் போடல்ல."

"மறந்திருப்பாங்க. சொல்லு."

"கேட்டன். உம்மாவுக்குச் சின்னதுல இருந்தே வெங்காயம் எண்டா ஆகாதாம். அதால இந்த வீட்டுல போடுறதே இல்லயாம்."

ஜலால் நானா கையிலிருந்த பாணைக் கீழே வைத்தார். முன்னால் எங்கள் சட்டி பாதி தின்றபடி இருந்தது. ஸஹ்ரா சொன்ன மற்றவற்றையெல்லாம் ஓம், ஓம் என்று கேட்டு, கைபேசியை வைத்தார்.

"அவ ஒரு நாளும் சொல்லல்ல, செபஸ்தி."

"விருப்பமாச் சாப்பிட்டிருப்பா, நானா."

"இல்ல. எனக்காகச் சாப்பிட்டிருக்கா. ஞாயிறு வந்தா நான்தான் அவவுக்குப் பிடிக்காதத வெச்சுக் கொடுத்திருக்கன். ஒருக்காக் கேட்டிருக்கலாம்." சட்டியை மூடிவிட்டு, "கேக்க வேணுமெண்டு தோணவே இல்லயே" என்றார். அன்று அவர் கோப்பி போடவில்லை. நானும் கேட்காமல் எழும்பி வந்தேன்.

திரும்பி வந்த ஸஹ்ரா பெரியம்மாவின் அழைப்பைக் கொண்டுவந்தாள். அங்கே குளிர் முடிய அவரைக் கட்டாயம் வரச்சொல்லியிருந்தார். "கோவமில்லயாமா?" என்று மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டாராம். பிறகு ஒருவாறு மனம் வந்து கடவுச்சீட்டைப் புதுப்பித்தார். வெங்காயம் இல்லாத மெனெமென் செய்து பழகினார். என்னைத்தான் சுவை பார்க்க வைத்தார். வெங்காயத்தின் இனிப்பு இல்லாததால் தக்காளியின் புளிப்பு தூக்கலாக நின்றது. நன்கு பழுத்த பழமாகத் தெரிந்தெடுத்து, இன்னும் மெதுவாக வற்றவிட்டு அதைச் சரிக்கட்டினார். "அங்க போய் நான் செய்து வைக்க வேணும். அந்த மனுசிக்கு நான் செய்யக்கூடியது அவ்வளவுதான்" என்றார். பெரியம்மாவுக்குக் கிண்ணியாத் தேன் கொண்டுபோவதா, பனங்கட்டி கொண்டுபோவதா என்று இரண்டு ஞாயிறு பேசினோம். அது முடிவாகவில்லை.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து வந்த பிறகு அவர் வீட்டில் கொஞ்ச நேரம் இருந்தேன். மூன்றாம் நாள் நானும் மனைவியும் இடியப்பமும் சொதியும் கொண்டுபோனோம். அப்போது ஸஹ்ரா சொன்னாள். செய்தி கேட்டுப் பெரியம்மா அழுதழுது பேசினாராம். அவருடைய மகன் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல இவள் கேட்டிருக்கிறாள்.

"அந்தக் காலத்துல உம்மா ஒவ்வொரு கிழமையும் பெரியம்மாவுக்கு ஃபோன் எடுப்பாவாம், அங்கிள். இந்த வெங்காயக் கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவாம். 'எனக்கு வெங்காயம் ஆகாது எண்டு இவருக்குத் தெரியா. சட்டியத் தூக்கிக்கொண்டு வரேக்க அந்த முகத்தப் பார்த்தா எனக்குச் சொல்ல மனம் வருதில்ல. இப்ப அது இல்லாட்டி எனக்கு ஞாயிறு மாதிரியே இல்ல' எண்டு சொன்னாவாம்."

"அப்ப பெரியம்மா இத முதலே ஏன் சொல்லேல்ல, பிள்ளை?" என்று என் மனைவி கேட்டாள்.

"வாப்பா வந்த பிறகு மேசையில இருத்தி வெச்சு, முகத்தப் பார்த்துச் சொல்ல வேணுமெண்டு வெச்சிருந்தாங்களாம், அன்ட்ரி."

குளிர் முடிவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இதைக் கேட்க வேண்டியவர் கேட்காமலே போய்விட்டார். தான் நெர்மினை ஒவ்வொரு ஞாயிறும் வருத்தியதாக எண்ணிக்கொண்டே அவர் போனதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. அவரை அறிந்த உங்களுக்கும் அந்தக் கடைசி மாதங்களில் அவர் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது தெரிந்திருக்கும். காரணம் இதுதான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்ல வேண்டும். பால் கலக்காத தேத்தண்ணியும் ஞாயிறு காலையில் அவசரப்படாமல் இருக்கிற பழக்கமும் முன்பே வந்துவிட்டன. போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, நானும் மனைவியும் மேசையில் இருந்தபோது, "இவ்வளவு காலத்தில நான் செய்யிற ஏதாவது உமக்குப் பிடிக்காமல் இருந்ததோ?" என்று கேட்டேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்ன திடீரெண்டு?" என்றாள். பிறகு, "அவசரமில்லையெண்டா சொல்லுறன்" என்றாள். அவசரமில்லை என்றேன். அவள் சொல்லத் தொடங்கினாள். அன்று நாங்கள் எழும்ப மத்தியானம் ஆகிவிட்டது.