வாகிதே வாய் திறக்காத பகல்

பிரிஸ்ரென் சந்தையில் வாகிதேயிடம் மிளகாய் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அவள் பேச்சுக்காக வருகிறவர்கள். முப்பது வருஷமாக ஒரே இடத்தில் கடை. அல்பேனியரிடம் அவர்கள் மொழியில் விலை சொல்வாள், செர்பியக் கிழவிகளிடம் அவர்கள் மொழியில் நலம் விசாரிப்பாள், திட்டுவது மட்டும் தன் துருக்கி மொழியில்தான். பல நூறு வருஷமாக அக்கம்பக்கத்து மொழிகளோடு புழங்கி ஒரு தினுசாகிப்போன துருக்கி அது. இஸ்தான்புல்காரர்களுக்குப் பாதிதான் புரியும். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததே இல்லை, மகள் பெல்கிஸ் துருக்கி நாட்டுப் புர்சாவுக்குப் படிக்கப் போகும்வரை.

நாலு வருஷம் கழித்துத் திரும்பியவள் செய்தி வாசிப்பதுபோலப் பேசினாள். கூடப் படித்த தய்லானின் வீட்டார் புர்சாவிலிருந்து பெண் கேட்டு வருவதாக இருந்தது. முந்தின நாள் கோப்பைகளைத் துடைத்தபடி மெல்ல ஆரம்பித்தாள்.

"அம்மா, நாளைக்கு அவங்க முன்னாடி கொஞ்சம் சரியாப் பேசும்மா."

"இப்ப என்ன கோணலாவா பேசுறேன்?"

"தய்லானோட அம்மா பெரிய பட்டணத்துல பழகுனவங்க. சிரிச்சிருவாங்க."

"அப்ப நான் பேசவே மாட்டேன், போ!"

மகள் சரி என்பதுபோல அடுத்த கோப்பையைத் துடைக்க எடுத்தாள். வாகிதேக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மறுநாள் மதியம் தய்லான் தாய் தகப்பனோடு வந்தான். நடுவில் நின்று சம்பந்தம் பேசுகிற பக்கத்து வீட்டு ஜெவாத்தும் வந்து உட்கார்ந்தார். வாகிதே சிரித்தாள், தலையாட்டினாள், வாய் திறக்கவில்லை. தய்லானின் அம்மா ஹவ்வாவும் உதட்டை இறுக்கிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பட்டணத்துக் கொழுப்பு, என்று வாகிதே மனசுக்குள் கறுவினாள்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். காபிக் கோப்பை காலியாவதற்குள் பெண்ணின் அம்மா, வழியில் சுகமாக வந்தீர்களா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெண் இல்லை என்று அர்த்தம். முகத்துக்கு நேரே யாரும் மறுக்க மாட்டார்கள், வந்தவர்கள் தாமாக எழுந்துவிட வேண்டும். நாக்கைக் காவல் காத்த அவசரத்தில் வாகிதே இதைச் சுத்தமாக மறந்துபோனாள். புருஷன் எஸாத்துக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் இவளுக்குப் பையனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில், குறுக்கே போகக்கூடாது என்று கற்றிருந்தார்.

கோப்பைகள் காலியாயின. ஜெவாத் பெருமூச்சோடு எழுந்து தய்லானின் அப்பா தோளைத் தொட்டார்.

"எந்திரிங்கண்ணே. பொண்ணோட அம்மா வாயே தொறக்கல. எங்க ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தந்தான்."

தட்டோடு நின்ற பெல்கிஸ் முகத்தில் ஈயாடவில்லை.

"அட பாவி மனுசா, உக்காருய்யா!" வாகிதேயின் சந்தைக் குரல் அப்படியே வெடித்தது. "யாரு பொண்ணு இல்லேன்னது? நான் பேசுனா நீங்க சிரிப்பீங்கன்னு எம்மக சொன்னா. அதான் வாயப் பொத்திட்டு உக்காந்திருக்கேன். வழியில சொகமா வந்தீங்களா சம்பந்தி? இந்தா கேட்டுட்டேன், போதுமா?"

ஹவ்வா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தேவிட்டாள். வாகிதேக்குக் காது சுட்டது.

"ஏளா, நானும் அதுக்குத்தாம்ளா கம்முனு இருந்தேன்! நம்ம கருங்கடல் மலைப் பேச்ச அங்க வந்து எடுத்துராதன்னு இந்தப் பய வழிநெடுகச் சொல்லிக்கிட்டே வந்தான். இந்தம்மாவுக்கு என்னா திமிருன்னு ஒன்னயப் பாத்து நெனச்சேன், பாத்துக்க!" என்றாள் ஹவ்வா.

தய்லான் தரைவிரிப்பின் பூக்களை எண்ண ஆரம்பித்தான்.

அப்புறம் இரண்டு பேரையும் நிறுத்த முடியவில்லை. ஒருத்தி சொன்னதில் பாதி மற்றவளுக்குப் புரியவில்லை. புரியாததற்கும் சேர்த்துச் சிரித்தார்கள். பெல்கிஸ் அடுத்த சுற்றுக் காபியோடு வாகிதேயிடம் வந்தாள்.

"அம்மா, இன்னும் சிறிது காபி அருந்துகிறீர்களா?"

"பெத்தவகிட்டயுமா இப்படிக் கேப்ப?" என்றாள் ஹவ்வா. "ஒங்க வீட்டுப் பேச்சுல கேளு தாயி, நானும் கேட்டுக்கிடுதேன்."

பெல்கிஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், வாயைத் திறந்தாள். வீட்டுச் சொல் வரவில்லை. பட்டணத்துச் சொல் முந்திக்கொண்டு வந்தது. அதை விழுங்கிவிட்டு மறுபடி தேடினாள். அவள் தேடுவதை வாகிதே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா... இன்னுங் கொஞ்சம்... குடிக்...குடிக்கிறியா?"

யாரோ வெளியூர்க்காரி கடையில் நின்று விலை கேட்பதுபோல இருந்தது. காலையிலிருந்து பயந்ததெல்லாம் வந்தவர்கள் சிரித்துவிடுவார்களே என்றுதான். இதற்குப் பயப்பட வேண்டும் என்று வாகிதேக்குத் தோன்றவே இல்லை. மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"குடிக்கிறேன்டி. இன்னொரு தடவ கேளு."