இடது ஓரத்துப் பள்ளம்

லைட்ஹவுஸ் குப்பத்தில் அவரைப் பொட்டிக்காரர் என்றுதான் சொன்னார்கள். ஒல்லியான மனிதர், புருவத்தில் எப்போதும் மரத்தூள். துறைமுகத்தில் கழித்துப்போட்ட பலகைகளை பக்கத்து உப்பேரித் தண்ணீரில் ஊறவைத்துக் கறுக்கவிட்டு, நூறு வருஷத்துப் பழசு போல உப்புப் பெட்டிகள் செய்வார். கடைசியில் மூடியின் விளிம்பை வலைக்கயிற்றால் தேய்த்துத் தேய்த்து, பல காலம் கட்டைவிரல் பட்டுக் குழிந்தது போல ஒரு பள்ளம் உண்டாக்குவார். அப்போது மட்டும் யாரோடும் பேசமாட்டார்.

நான் வாங்கிய பெட்டியில் பள்ளம் இடது ஓரத்தில் இருந்தது. பார்த்தால் எல்லாப் பெட்டிகளிலும் அப்படித்தான். போலியில் ஒரு பிழையைப் பிடித்துவிட்ட மிதப்பில், "இடம் மாறிப்போச்சே, வலது கையாலதானே தொறப்பாங்க?" என்றேன்.

"இன்னா சார், மீன் கழுவுற பொம்பளைக்கு வலது கை சும்மாவா கீது?" என்றார்.

பின்னால் அவர் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தார். செதில் ஒட்டிய வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் மூடியைத் திறந்து உப்பை அள்ளினார். அது பிளாஸ்டிக் டப்பா.

எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே இல்லை. ஆனால் அந்தப் பெட்டி வந்ததிலிருந்து எல்லோரும் இடது கையால்தான் உப்பு எடுக்கிறோம்.