மாப்பிள்ளைக்குக் கொடுத்த சாவி

ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர் ஃப்ளாட்டில் இருக்கும் ஷபீனாவுக்கு எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. மிக்சி நின்றால் ஸ்க்ரூ டிரைவரைத்தான் முதலில் தேடுவாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, டயாலிசிஸ் தொடங்கியபோதும் அப்படித்தான். எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று டயட்டீஷியனை நச்சரித்துக் கேட்டு, சமைத்துப் பார்த்து, வலைப்பதிவில் எழுதினாள். காயை நறுக்கி ஊறவைத்துத் தண்ணீரை வடிப்பது, இளநீர் ஏன் ஆகாது என்பதெல்லாம். அத்தா இறந்த பிறகும் நிறுத்தவில்லை. தாம்பரம் பக்கம் பல வீடுகளில் இன்றும் அவளை நம்பித்தான் உலை வைக்கிறார்கள்.

முதலில் ஓர் இலவசத் தளத்தில் எழுதினாள். அதை நடத்தியவர்கள் ஒருநாள் கடையைக் கட்டிவிட்டார்கள். இனி அடுத்தவர் வீடு வேண்டாம் என்று சர்வரில் இடம் பிடித்து, வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளை அவளே நிறுவினாள். அதன் பூர்வீகத்தை வாய் ஓயாமல் சொல்வாள். பி2 என்றொரு பழைய மென்பொருள் இருந்ததாம். அதை எழுதியவர் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட, பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களே நிரலை எடுத்து வளர்த்தார்களாம். "யாரோ விட்டுட்டுப் போனதை யாரோ தூக்கி வளர்த்திருக்காங்க அக்கா, எவ்ளோ அழகு!" என்பாள். எனக்குப் பாதி புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சொந்த வீடென்றால் பூட்டும் நம் பொறுப்பு. அப்டேட் வந்தால் அன்றைக்கே போட்டுவிடுவாள். ஓர் இடத்தில் மட்டும் கோட்டை விட்டாள், அதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. தளம் தொடங்கியபோது அக்கா ரூக்சாரின் கணவர் அப்துல் கஃபாருக்கும் ஒரு கணக்கு திறந்தாள். எதையும் மாற்றக்கூடிய நிர்வாகி முதல் வாசகர் வரை, இவருக்கு என்ன பதவி என்று மென்பொருள் கேட்டது. அந்த வீட்டில் மூத்த மாப்பிள்ளைக்குத்தான் எப்போதும் முதல் தட்டு. அவரைப் போய் வெறும் வாசகர் என்று போட முடியுமா? நிர்வாகி ஆக்கினாள். மச்சான் மறந்துவிடக் கூடாதென்று அவருடைய டைல்ஸ் கடையின் பெயரையும் போன் நம்பரையும் சேர்த்துப் பாஸ்வேர்டு வைத்தாள். இரண்டும் மேற்குத் தாம்பரத்தில் கடை போர்டிலும் கூகுள் மேப்பிலும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன! மனுஷர் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மச்சானோடு என்னையும் கூப்பிட்டிருந்தாள். எலும்பைக்கூட விடாத மச்சான் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"இன்னா ஷபீனா, உன் பேஜ்ல கிட்னி மாத்திரைல்லாம் விக்கிற போல கீது?"

அவர் எப்போதும் கலாய்க்கிறவர்தான். "ஆமா மச்சான், அடுத்து டைல்ஸும் விக்கப்போறேன்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அவர் போன பிறகு அவளுக்கு உறுத்தியது. லேப்டாப்பில் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தது. என் போனை வாங்கி முகவரியைத் தட்டினாள், அதிலும் ஒன்றுமில்லை. விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். "மச்சான் அட்ரஸ் டைப் பண்ற ஆளா என்ன?" என்றவள், தேடுபொறியில் 'டயாலிசிஸ் சாம்பார்' என்று போட்டு, வந்த முடிவைத் தொட்டாள். சாம்பாரைக் காணோம். 'கிரியாட்டினின் குறையும்' என்று ஒரு மாத்திரை டப்பா, அதன் தலைமேல் அவளுடைய தளத்தின் பெயர்.

நான் போனைப் பிடுங்கி அணைக்கப் போனேன். அவளுக்கோ கண் மின்னியது. "பாருங்கக்கா, தேடி வர்றவங்களுக்கு மட்டும் காட்டுறான். நேரா வந்தா காட்டல. அதான் என் கண்ணுல படல. என்ன மூளை!" வீட்டில் புகுந்த திருடனைப் போய்ப் பாராட்டுகிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சர்வர் பதிவுகளைத் தோண்டியபோது, மச்சானின் பெயரில் வேறு ஏதோ நாட்டிலிருந்து யாரோ நுழைந்தது தெரிந்தது. தளத்தை மூடினாள். புதுக் கோப்புகளை ஏற்றி, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினாள். இங்கே பார்த்த மாத்திரையை வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று முகப்பில் எழுதிவிட்டுத் திறந்தாள். மச்சானின் பதவியையும் இறக்கினாள். அதைச் சொல்லத்தான் பயந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை துணைக்கு என்னை உட்காரவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மச்சான், கோச்சுக்காதீங்க. உங்களை நிர்வாகிலேர்ந்து எடுத்துட்டேன். இப்ப நீங்க வாசகர். நானும் தினம் எழுதுறதுக்கு வெறும் எடிட்டர் கணக்குதான் வெச்சிருக்கேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நான் எப்பவும் வாசகன்தானேம்மா" என்றார்.

நிம்மதியாகக் கறியை அவர் தட்டில் வைக்கப் போனவள், கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஒரு நிமிஷம். அந்த மாத்திரை தேடி வர்றவங்களுக்குத்தானே தெரியும்? நீங்க யாருக்காகத் தேடுனீங்க?"

மச்சான் கையைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே டப்பா. பாதி காலி.

"டெஸ்ட்ல கிரியாட்டினின் ஏறிக்கீது, கிட்னி வீக்குன்னாங்க. ரூக்சாருக்குத் தெரியாது. உன் பேரு போட்டிருந்துச்சு, ஆனாலும் ஒரு சந்தேகம். அதான் அன்னிக்கு உன்னையே கேட்டேன். நீ ஆமான்னு சொன்ன. அப்புறம்தான் போற வழியிலயே போன்ல ஆர்டர் போட்டேன்."

ஷபீனா அந்த டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டு, அழுதபடியே செருப்பைத் தேடினாள். "கெளம்புங்க மச்சான், ஆஸ்பத்திரிக்கு."