மீனுக்கும் விடுப்பு கேட்ட மெஹர் அக்கா

முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் சிங்கப்பெருமாள்கோவிலைத் தாண்டும்போது செய்தி வந்தது. ஒவ்வொருவர் கைப்பேசியாக ஒலிக்க, பஸ் முழுவதும் குனிந்து படித்தது: "நம்ம கேன்டீன் மெஹர் அக்கா தவறிட்டாங்க." பெயின்ட் ஷாப் குமார் பின் இருக்கையிலிருந்து, "அக்கா எங்க போனாலும் அங்க கீற சமையக்கட்டுல பூந்து மூடியத் தெறந்து பாக்கும்டா" என்றான். சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டிருந்த குமாரே முதலில் அழுதான்.

மெஹருன்னிசா அக்கா, மறைமலைநகரில் நாங்கள் வேலை பார்க்கும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீன் மேலாளர். புதுப்பட்டினத்து மீன் வியாபாரக் குடும்பம். நான் தொழிலாளர்கள் சார்பில் கேன்டீன் கமிட்டியில் இருப்பவன். அவரை அறிந்தவர்கள் இந்தத் தொழிற்பேட்டையில் ஏராளம். நான் பக்கத்தில் இருந்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

நிர்வாகம் எங்கள் இருவரையும் முட்டுக்காட்டில் நடந்த ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. உடலுக்கும் நல்லது, மண்ணுக்கும் தண்ணீருக்கும் அதிகம் சேதமில்லாதது, அப்படி எப்படிச் சாப்பிடுவது என்பது பாடம். அக்காவுக்கு அப்போதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்திருந்தது. "தாமு, இது இன்னா பேஜாரு? இத்தினி வருசமா சோறு போடுறவளுக்கு சோத்தப் பத்தி கிளாஸா?" என்று என்னிடம் புலம்பிக்கொண்டேதான் வந்தார்.

பயிற்சி கொடுத்த பெண் ஆளுக்கொரு காகிதத் தட்டைக் கொடுத்து, நேற்று மதியம் சாப்பிட்டதை வரையச் சொன்னார். அக்கா தட்டு முழுக்க ஒரு மலையை வரைந்து, ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். "மலை சோறு. புள்ளி பொரியல்" என்று அவரே விளக்கினார். அரங்கமே சிரித்தது. "பாதித் தட்டு காயும் கீரையும் இருக்கட்டும், மீதியில் சோறும் பருப்பும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்" என்றார் அந்தப் பெண். ஒரு தட்டு உணவுக்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலம், எவ்வளவு தூரத்து லாரிப் பயணம் இருக்கிறது என்பதையும் சொன்னார். அக்கா கையை உயர்த்தியபடியே இருந்தார். கேள்வி கேட்டுக் கேட்டுக் கடைசியில் அந்தப் பெண்ணின் தேநீர் ஆறிப்போனது. திரும்பி வரும் வழியில் அக்கா புலம்பவில்லை. "மலைய இடிச்சிடலாம் தாமு" என்றார்.

இடித்தார். அதுவும் ஒரே நாளில். அடுத்த திங்கட்கிழமை அரிசிச் சோற்றுக்குப் பதில் சாமைச் சோறு, கீரை மசியல், அப்பளம் கிடையாது. மதியம் தட்டுகள் பாதிக்கு மேல் அப்படியே திரும்பின. சாயங்கால ஷிப்டில் எல்லோர் கையிலும் பரோட்டாப் பொட்டலம். சங்கச் செயலாளர் முனுசாமி நேராக வந்தார். "இன்னாக்கா, நாங்க இன்னா ஆஸ்பத்திரிலயா படுத்துகினு கீறோம்?" நிர்வாகம் அதைவிடக் கறாராகப் பேசியது. ஒரு மாதம் பார்ப்போம், சரிப்படாவிட்டால் கேன்டீனை வெளியாளிடம் ஒப்படைத்துவிடுவோம் என்றது. அக்காவின் வேலை மட்டுமில்லை, சமையற்கட்டில் இருந்த அத்தனை பெண்களின் வேலையும் அதோடு போகும்.

மறுநாள் அக்கா பரிமாறும் இடத்தில் இல்லை. தட்டைக் காலி செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மிச்சம் வைத்த ஒவ்வொருவரையும் கேட்டார்: "ஏம்பா, இத்த ஏன் வச்சிட்ட? கோச்சுக்கல, சொல்லு."

"தொண்டைல அடைக்குதுக்கா."

"ரசம் ஊத்துனா கூழாப் பூடுது."

வெல்டிங் பிரிவு ஆள் ஒருவர், "நாளெல்லாம் நின்னுகினு வேலை செய்றேன்க்கா. இத்த துன்னா சீக்கிரம் பசிக்குது" என்றார். அக்கா அவர் தோளைத் தட்டி, "நீ சொன்னதுதான்யா மேட்டரு" என்றார்.

அன்று மாலை, டோக்கன் எண் கூப்பிடும் மைக்கை எடுத்தார். "நேத்து நான் தப்பு பண்ணிட்டேன். உங்களக் கேக்காம உங்க தட்டுல கைய வச்சிட்டேன். நாளைக்கு சோறு கீது, அப்பளம் கீது. ஆனா கொஞ்சம் கொஞ்சமா மாத்துவேன். புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லுங்கோ, பரோட்டாக்காரங்கிட்ட சொல்லாதீங்கோ." முதலில் கை தட்டியது முனுசாமி.

அதன்பின் அரிசியோடு சாமையைக் கலந்தார், கைப்பிடி கைப்பிடியாக. பசி தாங்குவதற்கு முட்டையும் சுண்டலும் சேர்ந்தன. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் விளைந்த சுரைக்காயும் கொத்தவரங்காயும் முருங்கைக்கீரையும் வந்தன. பிரியாணியில் கை வைக்கவில்லை. வாரம் தவறாமல் வந்ததை மாதம் இருமுறை ஆக்கி, ருசியைக் கூட்டிவிட்டார். கேட்டால், "காத்துகினு இருந்து துன்னாத்தான் அது பிரியாணி" என்பார். ஒரு மாதம் முடியும் முன்பே தொட்டி நிரம்புவது நின்றது. மிச்சச் சோற்றை மாடுகளுக்காக எடுத்துப் போகிறவர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, என் மாடு எளைச்சிப் பூடும்போல கீதே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். அவரைக் காய்கறித் தோல் சேரும் கூடை அருகே அழைத்துப்போய்க் காட்டினார் அக்கா. நிர்வாகம் வெளியாள் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

புதன்கிழமை மீன் கதை எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்தோ ஐஸில் உறைந்து வரும் முள்ளில்லாத மீனை நிறுத்திவிட்டு, புதுப்பட்டினத்துக் கரையில் இறங்கும் மத்தி, காரப்பொடி என்ற சிறு மீன்களை வாங்க ஆரம்பித்தார். முள் எடுக்கத் தெரியாத இளம் பொறியாளர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் காட்டினார். மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் மீனையே நிறுத்திவிட்டார். முனுசாமி சண்டைக்கு வந்தார். "மீன் எங்கக்கா?"

"முட்ட வுட்டுகினு கீதுப்பா. உங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு மட்டுந்தான் பிரசவ லீவா? மீனுக்கும் குடு."

முனுசாமி தட்டை நீட்டினார். அன்று காராமணிக் குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொண்டார்.

அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றியிருந்தது. சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தவரைப் பார்க்க நானும் முனுசாமியும் போனோம். மெலிந்திருந்தார், குரல் மட்டும் மெலியவில்லை. "கஞ்சி குடுக்கிறாங்கோ தாமு. உப்பும் இல்ல ஒறப்பும் இல்ல. இத்த எவன் துன்னுவான்? மைக் குடு, பேசணும்" என்றார்.

முனுசாமியால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. "இவ்ளோ பாத்துப் பாத்து சாப்ட்டியேக்கா. உனக்குப் போயி ஏன்க்கா இப்டி?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அது என் மனதிலும் இருந்தது. அக்கா முனுசாமி பக்கம் திரும்பினார்.

"கீரை துன்னா சாவு வராதுன்னு நான் எப்பய்யா சொன்னேன்? முன்ன மாடி ஏறுனா மூச்சு வாங்கும். அப்றம் வாங்கல. மத்தியானம் துன்னுட்டு சாஞ்சிடுவேன். அப்றம் சாயல. அத்தினி நாளு நல்லா இருந்தேன்ல? அது எனக்குக் கெடச்சதுதான? அத்த எவன் வந்து புடுங்குவான்?" பிறகு கண்ணைச் சிமிட்டினார். "நான் வுட்டுவச்ச மீனு குஞ்சு பொரிச்சி கடல்ல கீதுய்யா. அது என் கணக்கு."

முனுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது அக்கா என்னை நிறுத்தி, "உன் வூட்ல யாரு சமைக்கிறது?" என்றார். மனைவி செல்வி என்றேன். "அதுக்கு ஒடம்பு சரியில்லன்னா?" ஓட்டல் என்றேன். படுத்தபடியே அப்படிச் சிரித்தார். "கேன்டீன் கமிட்டி மெம்பருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது! கத்துக்கய்யா. துன்றவனுக்கு சமைக்கவும் தெரியணும்."

அவரைப் புதுப்பட்டினத்தில் அடக்கம் செய்தோம். மூன்று ஷிப்டு ஆட்களும் வந்திருந்தார்கள். கேன்டீனில் எல்லோரும் அவரிடமிருந்து ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பிடித்துக்கொண்டது ஞாயிற்றுக்கிழமை அடுப்பு. அவரைப் பார்த்துவிட்டு வந்த வாரமே ஆரம்பித்தேன். இரண்டு முறை தீய்த்தேன், ஒரு முறை உப்பை மறந்தேன். போன ஞாயிறு வைத்த பூசணிக்காய்க் கூட்டை செல்வி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். யாரிடமாவது உடனே சொல்லவேண்டும் என்று கைப்பேசியை எடுத்து, அக்காவின் எண் வரைக்கும் போய்விட்டேன். பிறகு முனுசாமியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாத்த, உனக்குக் கூட்டு வைக்கத் தெரியுமா?"

"தெரியாதேப்பா. ஏன்?"

"அடுத்த ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வா" என்றேன். "காயி நறுக்கணும்."