மாலை போட்ட கார்

2009-ஆம் வருடம். ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆயுதபூஜை அன்று மட்டும் குடும்பத்தையும் உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, முதலாளியின் புதுக் காருக்கும் மாலை போட்டிருந்தார்கள். அவருடைய டிரைவர் எங்களை அதன் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். பட்டுச்சேலையில் மனைவியும் மகளும், வெள்ளை வேட்டியில் நானும். மகள் அதை ஆசையாக இணையத்தில் போட்டுவிட்டாள்.

அப்போது அவளுக்குப் பர்கூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனின் அப்பா கிரானைட் பட்டறையில் பாலிஷ் போடுபவர். ஜாதகம் பொருந்தியிருந்தது; மகளுக்கும் பையனின் படத்தைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள். மகள் முகம் வாடிப்போனது. தரகரிடம் கேட்டேன்.

"பையனோட தங்கச்சி காலேஜ்ல அந்த போட்டோவப் பாத்துடுச்சுங்க. மாலை போட்ட காரு முன்னாடி குடும்பமே நின்னா, புதுசா வாங்கினதுன்னுதானே நெனப்பாங்க? அவ்ளோ பெரிய எடம் நமக்கு ஆவாதுன்னு பயந்துட்டாங்க."

அந்தக் காரில் நான் ஏறிக்கூடப் பார்த்ததில்லை! உண்மையைச் சொன்னால், ஏமாற்றப் பார்த்தோம் என்று நினைத்துவிட்டால்? எனக்கோ புது ஆட்களிடம் பேசவே கூச்சம்.

"நேர்ல போய்ச் சொல்லிட்டு வாங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று மனைவி விரட்டினாள். நெரிசல் பஸ்ஸில் நின்றபடியே பர்கூர் போனேன்.

நான் வருவதைத் தரகர் போனில் சொல்லியிருந்ததால் பையனின் அப்பா வாசலுக்கே பதறி வந்தார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"காரை எங்கீங்க வுட்டீங்க? இந்தச் சந்துல திரும்பாதுங்களே!"

எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "நான் வந்த வண்டி இந்நேரம் திருப்பத்தூர் தாண்டியிருக்கும்ங்க. கண்டக்டர் எனக்காக நிக்கமாட்டேன்னுட்டாரு" என்றேன்.

அவர் விழித்தார். கார் முதலாளியுடையது என்று சொன்னதும் சிரித்தார் பாருங்கள், அந்தச் சத்தத்தில் அவர் மனைவியும் வெளியே வந்துவிட்டார்.

"நல்லா இருக்குதுங்க! அந்தக் காரு வந்தா நிறுத்த எடமில்ல, எருமைக் கொட்டாயப் பிரிக்கணும்னு இந்த மனுசன் பொலம்பாத நாளில்லீங்க!"

மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சாப்பிடாமல் என்னை விடவில்லை. அந்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். தை மாதம் கல்யாணம்.

இப்போது என் போனிலும் தினமும் பெரிய வீடுகளும் சிரித்த முகங்களுமாகப் படங்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்து மலைத்து ஒதுங்கிப் போகாமல், ஒருமுறை அவர்களை நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.