நோர்வேத் தம்பியும் புது வரியும்

இன்று குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் சரவணை ஊர் அக்கா ஒருவரும், நோர்வேயிலிருந்து வந்து அவர் வீட்டில் தங்கியிருக்கும் தம்பியும் இருந்தார்கள்.

தம்பி போனில் செய்தி பார்த்துப் பதறினார். "வரிச் சட்டம் மாறப்போகுதாம் அக்கா. அரை வருசத்துக்கு மேலை இஞ்சை நிண்டால் என்ரை நோர்வே பென்சனுக்கும் வரி கட்டவேணுமாம்."

"நீ வந்து எத்தினை மாதம்?"

"அஞ்சு."

"அப்ப இந்த மாதத்துக்குள்ளை வெளிக்கிடு."

அவர் யன்னலால் கடலைப் பார்த்தார். "போக மனமில்லை அக்கா. அங்கை தனிய இருக்க ஏலாது."

அக்கா அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப இரு. வரியைக் கட்டு. அஞ்சு மாதமா என்ரை குசினியிலை சும்மா சாப்பிடுறாய். அரசாங்கத்துக்கெண்டாலும் ஏதும் குடு."

முதலில் சிரித்தது தம்பிதான். பிறகு பாதி பஸ்.

உங்கள் வீட்டு வெளிநாட்டு விருந்தாளிக்கு இது எத்தனையாவது மாதம்?