நூல் அறாமல் இருக்க ஒரு வேண்டுதல்

எண்பதுகளின் கடைசியில் செட்டியார்பட்டியில் நானும் என் கணவரும் நாலு தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்தோம். இருவருமே ராஜபாளையத்து மில் வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த தொழில். வீட்டில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

சித்திரை பிறந்ததும் வந்தது வினை. பேண்டேஜ் நூல் மெலிசு; காற்று காய்ந்தால் பட்டுப்பட்டென்று அறும். தகரக் கூரைக்குக் கீழே நாளெல்லாம் முடிச்சுப் போட்டேன். விசிறி போட்டால் நூல் இன்னும் காய்ந்தது. துணி எடுக்கும் வியாபாரி, இன்னொரு தடவை இத்தனை முடிச்சோடு வந்தால் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பிறகு தறியை விற்றுவிட்டு மறுபடி மில் வாசலில்தான் நிற்க வேண்டும். நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. என் கணவரோ கொல்லையில் கறையான் புற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த வெயில்லயும் உள்ள கறையான் காயாம இருக்கே, எப்படி?" என்பார். தறியடியில் கிடந்த பஞ்சைக் கிள்ளி, புற்றின் ஓட்டைகளில் பிடித்துப் பார்ப்பார். கீழ் ஓட்டை பஞ்சை உள்ளே இழுத்தது. மேல் ஓட்டை வெளியே தள்ளியது. அதே மாதிரி தறிக் கொட்டகைச் சுவரில் தரையோரம் ஓட்டை போட்டார். அடித்தகட்டைத் தட்டி எடுத்த இரண்டு தார் டிரம்களைக் கூரையில் நட்டு, சூடு மேலே போக வழி செய்தார். காற்று என்னவோ ஓடியது. ஆனால் அனல்காற்று. நூல் முன்னைவிட அதிகமாக அறுந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஊர் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அப்படிப்பட்டவர் தினமும் புற்று முன்னால் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்கள்? பக்கத்துத் தறிக்கார அக்கா ஒரு செம்பு பாலோடு வந்துவிட்டார்.

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு என்ன வேண்டியிருக்காரு?"

"நூலு அறக்கூடாதுன்னுதான்க்கா" என்றேன் எரிச்சலில்.

அவர் தறியிலும் அதே கதைதான். "நல்ல வேண்டுதல்தான்" என்று பாலை ஊற்றினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழெட்டுப் பேர் வந்து பாலும் மஞ்சள் தண்ணீருமாகக் குடம் குடமாகப் புற்றடியில் ஊற்றினார்கள். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவரைச் சமாதானப்படுத்தப் போன நான் சும்மா மேல் ஓட்டையில் கையை வைத்தேன். முந்தின நாள் வரை வெதுவெதுப்பாக வந்த காற்று ஜில்லென்று வந்தது. மனுஷர் ஓட்டையை மட்டும் பார்த்துக் காப்பியடித்திருக்கிறார். அடியில் இருக்கும் ஈர மண்ணை விட்டுவிட்டார்.

"என்னங்க, காத்து ஈரத்தத் தொட்டுட்டுல்ல உள்ள வரணும்" என்றேன்.

அன்றே வெயில் படாத வடக்குச் சுவர் ஓட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடைத்தோம். வெளியே மணல் கொட்டி நனைத்து, ஓட்டைகளுக்கு முன்னால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டோம்.

மறுநாள் மத்தியானம் நாலு தறியும் ஓடின. முடிச்சுப் போடத் தயாராக நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வாரம் வந்த வியாபாரி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்து எடுத்துக்கொண்டார்.

"புத்து கேட்டுச்சு பாத்தியா" என்றார் அக்கா. டிரம், சாக்கு என்று விளக்கினேன். அவர் கூரையிலும் டிரம் ஏறியது. ஆனால் பால் ஊற்றுவதை அவர் நிறுத்தவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் ஒரு செம்போடு போனேன். "நீயுமா?" என்றார் என் கணவர்.

"நேந்தா செலுத்தணும்லங்க" என்று பாலை ஊற்றிவிட்டு, அதே ஜில் காற்று வருகிறதா என்று மேல் ஓட்டையில் கையை வைத்துப் பார்த்தேன்.